பொருந்தாக் காணிக்கைகள்

ஊர் ஊராகத் திரிந்து, பிரபுக்களின் மாளிகை முற்றங்களில் கரணமடித்துப் பிழைத்த கூத்தாடி ஒருவன், அந்த வாழ்வில் சலிப்புற்று, தன் குதிரைகளையும் துணிமணிகளையும் கையிலிருந்த காசையும் ஒப்படைத்துவிட்டுக் கிளேர்வோ துறவு மடத்தில் சேர்கிறான். 1115ஆம் ஆண்டில் புனித பெர்நார்து நிறுவிய மடம் அது. சேர்ந்த பிறகே தன் நிலை அவனுக்கு விளங்குகிறது. குருக்கள் பீடத்தில் பணிபுரிகின்றனர். திருத்தொண்டர்கள் நற்செய்தி வாசிக்கின்றனர். எழுத்தறியாத சகோதரர்களும் பரலோக மந்திரத்தையாவது சொல்லிக் கொள்கின்றனர். அவனுக்கோ அருள்நிறை மந்திரம்கூடத் தெரியாது. உண்ணும் உணவுக்குத் தான் செய்யும் கைம்மாறு என்ன என்று கலங்கித் திரிந்தவன், கோவிலின் நிலவறையில் அன்னை மரியாவின் சுரூபம் தனித்திருப்பதைக் காண்கிறான். அன்று முதல், மேலே திருப்பலிக்கு மணி அடிக்கும்போதெல்லாம், கீழே அவன் மேலாடையைக் களைந்துவிட்டுத் தன் வித்தையைத் தொடங்குகிறான். மெட்ஸ் நகரத்துக் கரணம், ஸ்பெயின் தேசத்துக் கரணம், லொரேன் நாட்டுக் கரணம் என்று ஒவ்வொன்றாக அன்னைக்குச் செய்து காட்டுகிறான். கைகளை ஊன்றித் தலைகீழாக நடக்கிறான், நடக்கும்போதே அழுகிறான். களைத்து விழும்வரை ஓய்வதில்லை.

ஒளிந்திருந்து பார்த்த துறவி ஒருவர் மடத்தலைவரிடம் போய்ச் சொல்கிறார். தலைவர் சினங்கொள்ளவில்லை. பழித்துப் பேசாமல் அமைதியாயிரும், நாமே போய்ப் பார்ப்போம் என்கிறார். இருவரும் மறைந்து நின்று பார்க்கின்றனர். கரணமடித்து மயங்கிக் கிடப்பவனிடம் வானதூதர் புடைசூழ அன்னை இறங்கி வந்து, வெண்துணி ஒன்றால் அவனுக்கு விசிறுகின்றார். விசிறப்படுகிறவனுக்கு அது தெரியாது. சில நாள் கழித்து மடத்தலைவர் அவனை அழைத்தபோது, தன்னை வெளியேற்றப் போகிறார்கள் என்றே எண்ணி அவர் காலடியில் விழுந்து அழுகிறான். தலைவர் அவனைத் தூக்கி முத்தமிட்டு, இந்தப் பணியை இப்படியே செய்துவரப் பணிக்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒருவர் பழைய பிரெஞ்சுச் செய்யுளில் பாடிவைத்த கதை இது. சிறுகதை என்னும் இலக்கிய வகை உருவாவதற்கு வெகுகாலம் முற்பட்டது. ஏட்டிலேயே உறங்கிக் கிடந்து 1873இல்தான் அச்சேறியது. எங்கள் பங்கில் மாதந்தோறும் கூடிக் கதை படிக்கும் நாங்கள் சிலர், பிரெஞ்சுக் கதைகளைக் காலவரிசையில் படிப்பது என்று முடிவு செய்தபோது இதனையே முதலில் வைத்தோம். எங்களுள் எவருக்கும் பிரெஞ்சு மொழி தெரியாது. ஆங்கிலத்தின் வழியாகவும், கிடைத்தவரை தமிழின் வழியாகவுமே படித்தோம். ஆகவே நடையழகைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதியில்லை. கதையில் யார் என்ன செய்கிறார்கள் என்பதையே கவனித்தோம். அவ்வாறு கவனித்ததில், கூத்தாடியைவிட மடத்தலைவரே எங்கள் மனத்தில் தங்கினார். மடத்தின் ஒழுங்கும் வழிபாட்டின் மாண்பும் அவர் பொறுப்பில் இருந்தவை. கூத்தாடி கொண்டுவந்த காணிக்கையோ எந்த வழிபாட்டு நூலிலும் காணப்படாதது. ஏற்பதா, தள்ளுவதா என்னும் தீர்ப்பு அவர் கையில் இருந்தது.

எங்களுள் ஓர் ஆசிரியை உடனே ஓர் ஐயத்தைக் கிளப்பினார். "தலைவர் கண்ணால் காட்சியைக் கண்டார். அன்னையே ஏற்றுக்கொண்டதைப் பார்த்த பிறகு யார்தான் தள்ளுவார்? காட்சி காணாத மடத்தலைவர்கள் என்ன செய்திருப்பார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் அடுத்தடுத்த நூற்றாண்டுகளுக்குள் நுழைந்தோம்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் காட்சிகள் முற்றிலும் மறைந்துவிடுகின்றன. வால்டேரின் கதைகளை விரைந்தே கடந்தோம். அறிவின் கூர்மையும் சிரிப்பும் அவற்றில் மிகுதி. ஆயினும் அவருடைய மாந்தர் ஒரு கருத்தை நிறுவுவதற்காக வந்து, நிறுவியவுடன் போய்விடுகின்றனர். திதெரோ 1770இல் எழுதிய 'பூர்போனின் இரு நண்பர்கள்' அத்தகையதன்று. ஒலிவியே, ஃபெலிக்ஸ் என்னும் இருவர் உடன்பிறந்தார்போல் வளர்கின்றனர். கள்ளக்கடத்தலில் இறங்கிய ஃபெலிக்ஸ் மரண தண்டனைக்கு உள்ளாகிறான். ஒலிவியே அவனை மீட்கிறான். மீட்கும் முயற்சியில் காயமுற்று உயிர்விடுகிறான். தப்பி ஓடியவனுக்கு அடைக்கலம் கொடுத்த கரி சுடும் தொழிலாளி ஒருவனும் மாண்டுபோகிறான். இரண்டு கைம்பெண்கள் ஆதரவற்று நிற்கின்றனர். இவர்களுக்கு உதவலாமா என்று விசாரித்த ஒருவருக்கு ஊரின் பங்குக்குரு மறுமொழி எழுதுகிறார். மரியாதை குறையாத கடிதம்தான். அந்த ஆண்கள் சட்டத்தை மீறிய கொள்ளையர் என்றும், தங்கள் தர்மத்தைத் தகுதியுள்ள வேறு ஏழைகளுக்கு அளிக்கலாமே என்றும் அவர் அறிவுரை கூறுகிறார். திதெரோ கடவுள் நம்பிக்கை அற்றவர். குருக்கள்மீது அவருக்கு நல்லெண்ணம் இருந்ததில்லை. இக்கடிதத்தை அவர் வேண்டுமென்றே அப்படி எழுதினார் என்பதில் ஐயமில்லை. இருந்தும், படித்து முடித்தபோது யாரும் அதனை அபாண்டம் என்று தள்ளவில்லை. எங்கள் வின்சென்ட் தே பவுல் சபையின் கூட்டங்களிலும் 'தகுதியுள்ள ஏழை' என்னும் சொல் கேட்காத மாதம் உண்டா என்று ஒருவர் மெல்லச் சொன்னார்.

பால்சாக் 1836இல் வெளியிட்ட 'நாத்திகனின் திருப்பலி'யை இருமுறை படித்தோம். தெஸ்பிளேன் பாரிஸ் மாநகரின் தலைசிறந்த அறுவை மருத்துவர். ஆன்மா என்று ஒன்றில்லை எனத் துணிந்தவர். அவர் நாத்திகர் என்பது ஊரறிந்த செய்தி. அவருடைய மாணவர் பியான்ஷோன் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குத் தம் ஆசிரியர் யாரும் பார்த்துவிடாதபடி புனித சுல்பிஸ் ஆலயத்துக்குள் நுழைவதைக் காண்கிறார். பின்தொடர்ந்து சென்றால், அன்னையின் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டுப் பக்தியோடு பூசை காண்கிறார் அந்த நாத்திகர்! கோவில்பிள்ளையிடம் விசாரிக்கிறார் மாணவர். தாம் இங்கே பணிக்கு வந்த இருபது ஆண்டுகளாக அவர் ஆண்டுக்கு நான்கு முறை இந்தப் பூசைக்கு வருவதாகவும், இதனை ஏற்படுத்தி வைத்தவரே அவர்தான் என்றும் கோவில்பிள்ளை கூறுகிறார்.

காரணம் பின்னர் விளங்குகிறது. படிக்கும் காலத்தில் தெஸ்பிளேன் பட்டினி கிடந்த ஏழை. அதே வீட்டின் மேல்மாடத்தில் குடியிருந்தவர் பூர்ஜா என்னும் தண்ணீர்க்காரர். ஓவெர்ன் மலைநாட்டிலிருந்து வந்தவர். தாய் தந்தை அறியாத அநாதை. ஒரு குதிரையும் தண்ணீர்ப் பீப்பாயும் வாங்கவேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் கனவு. அதற்காகச் சேர்த்த பணம் முழுவதையும் இந்த மாணவனின் படிப்புக்குக் கொடுத்துவிடுகிறார். மாணவன் மருத்துவராகித் தலையெடுத்தபின் குதிரையும் பீப்பாயும் வாங்கித் தந்தான்; நோயுற்றபோது ஒருமுறை காப்பாற்றவும் செய்தான்; இரண்டாம் முறை இயலவில்லை. பூர்ஜா ஆழ்ந்த பக்தியுடையவர். ஆயினும் தாம் காப்பாற்றிய இளைஞனிடம் சமயம் பேசி அவனைத் தொல்லைப்படுத்தியதே இல்லை. இறந்தோருக்காக ஒப்புக்கொடுக்கும் பூசையைப் பற்றி மட்டும் ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னாராம். அந்த ஒரு சொல்லுக்காகவே ஆண்டுக்கு நான்கு பூசை. கடவுளே, நிறைவானவர்களை நீர் வைக்கும் இடம் என ஒன்று இருக்குமானால் பூர்ஜாவை நினைத்துக்கொள்ளும் என்னும் கருத்தில் தெஸ்பிளேன் வேண்டுகிறார். பூர்ஜாவின் விசுவாசம் தமக்குக் கிடைக்குமானால் தம் செல்வத்தையே கொடுத்துவிடுவேன் என்கிறார். ஆனால் கிடைத்துவிட்டதாகப் பொய் சொல்வதில்லை.

இங்கே காணிக்கையில் எந்தக் குறையும் இல்லை, திருப்பலியே அல்லவா? கொடுக்கும் கைதான் பொருந்தாத கை. திருப்பலியின் பயன் கிறிஸ்துவிடமிருந்து வருகிறது, பூசைக்குப் பணம் கட்டுகிறவரின் விசுவாச அளவிலிருந்து வருவதன்று என்று மறைக்கல்வி நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. ஆனால் அந்தக் கோவில்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டுகளாக ஆண்டுக்கு நான்கு முறை இந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மாணவர் வந்து கேட்கும்வரை அதைப் பேச்சாக்கவில்லை. நம் ஊர்க் கோவில்களில் இத்தகைய செய்தி ஒரு வாரம் தாங்குமா?

அல்போன்ஸ் தோதேயின் 'மூன்று பூசைகள்' 1875இல் வெளிவந்தது. சிரிக்கச் சிரிக்கப் படித்தோம். நத்தார் இரவில் மூன்று பூசை நிறைவேற்ற வேண்டிய குருவானவர், அடுக்களையிலிருந்து வரும் வான்கோழியின் மணம் மூக்கைத் துளைக்க, மந்திரங்களை விழுங்கி விழுங்கி ஓட்டுகிறார். விருந்தில் அளவின்றி உண்டு அன்றிரவே சாகிறார். மறுவுலகில் கிடைக்கும் தண்டனை, முந்நூறு நத்தார்ப் பூசைகளை அதே சிற்றாலயத்தில் ஒழுங்காக நிறைவேற்றித் தீர்க்கவேண்டும் என்பது! கூத்தாடியின் கரணம் வழிபாடாயிற்று. இந்தக் குருவின் வழிபாடு கரணமாயிற்று என்று எங்கள் உபதேசியார் ஐயா சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டோம்.

அதே உபதேசியார் ஐயாதான் அடுத்த கதையில் மனம் புண்பட்டு நூலை மூடி வைத்தவர்.

குஸ்தாவ் ஃப்ளோபேர் 1877இல் வெளியிட்ட 'மூன்று கதைகள்' என்னும் நூலின் முதற்கதை 'எளிய உள்ளம்'. பொன்-லெவேக் என்னும் நார்மண்டிச் சிற்றூரில், திருமதி ஓபேன் வீட்டில், ஆண்டுக்கு 100 பிராங்க் சம்பளத்துக்கு அரை நூற்றாண்டு வேலை செய்த ஃபெலிசிதே என்னும் பணிப்பெண்ணின் வரலாறு அது. அப்பெயருக்கு மகிழ்ச்சி என்று பொருள். அவள் அன்பு வைத்த அனைவரும் ஒருவர் பின் ஒருவராக அவளை விட்டுப் போகின்றனர். காதலன் பட்டாளத்துக்கு அஞ்சிப் பணக்காரக் கிழவியை மணந்துகொள்கிறான். உயிரையே வைத்திருந்த அக்கா மகன் விக்தோர் கப்பலில் போய் அவானா நகரில் மஞ்சள் காய்ச்சலில் இறக்கிறான். எசமானியின் மகள் வெர்ழினி கன்னியர் மடத்துப் பள்ளியில் நெஞ்சு நோயால் மரிக்கிறாள்.

சமயக் கல்வி எதுவும் அவளுக்குக் கிடைத்ததில்லை. சிறுமி வெர்ழினியை மறைக்கல்வி வகுப்புக்கு அழைத்துச் சென்று, அங்கே உட்கார்ந்து கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டாள். பாடுகளின் வரலாற்றைக் கேட்டு அழுதாள். விதைப்பும் அறுவடையும் ஆட்டுக்குட்டியும் அவள் அறிந்தவைதாமே! தூய ஆவியாரைத்தான் அவளால் மனத்தில் உருவகிக்க இயலவில்லை. பறவை என்கிறார்கள், நெருப்பு என்கிறார்கள், மூச்சு என்றும் சொல்கிறார்கள். வெர்ழினி புதுநன்மை வாங்கிய நாளில், தானே அந்தச் சிறுமியாக மாறிவிட்டதுபோல் ஃபெலிசிதே மயங்கும் நிலைக்கு வந்தாள். மறுநாள் தான் நற்கருணை வாங்கியபோது அந்த இன்பம் வரவில்லை. இவ்வளவு நுட்பமாக ஓர் ஏழைப் பெண்ணின் பக்தியை எழுதியவர் விசுவாசி அல்லர் என்பதை நினைத்து வியந்தோம்.

முதுமையில் ஒரு கிளி அவளிடம் வந்து சேர்கிறது. லூலூ என்று பெயர். செவிடாகிவிட்ட அவளுக்குக் கேட்ட ஒரே ஒலி அந்தக் கிளியின் குரல். அதுவும் செத்துப் போனபோது, பாடம் செய்து வைப்பதற்காக அதைக் கூடையில் சுமந்துகொண்டு ஓன்ஃப்ளேர் துறைமுகத்துக்கு நடக்கிறாள். வழியில் வண்டிக்காரன் ஒருவன் அவளைச் சாட்டையால் அடிக்கிறான். மலைமுகட்டில் நின்று நகரத்தின் விளக்குகளைக் காணும்போது, வாழ்வில் பட்ட துயரம் அனைத்தும் ஒன்றாகத் திரண்டு வந்து நெஞ்சை அடைக்கிறது. பாடம் செய்யப்பட்டு வந்த கிளியைத் தன் அறையில் வைக்கிறாள். கோவிலின் கண்ணாடிச் சன்னலில் உள்ள தூய ஆவியாரின் புறாவும், ஆண்டவரின் திருமுழுக்குப் படத்திலுள்ள புறாவும் அவள் கண்ணுக்குத் தன் கிளியைப் போலவே தோன்றுகின்றன. நாளடைவில் அந்தக் கிளியின் முன் முழந்தாளிட்டுச் செபிக்கும் பழக்கமும் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் உபதேசியார் ஐயா நூலை மூடினார். தூய ஆவியாரைக் கிளியாக்கிக் கேலி செய்யும் கதையைப் பங்கு மண்டபத்தில் வாய்விட்டுப் படிப்பது முறையன்று என்றார். நாற்பது ஆண்டுகள் மறைக்கல்வி கற்பித்த மனிதர். அவருடைய வருத்தத்தை எளிதில் ஒதுக்கிவிட எங்களால் இயலவில்லை. அன்றைய கூட்டம் பாதியிலேயே முடிந்தது. இதற்கு விடை எங்கள் வாதங்களிலிருந்து வரவில்லை. கதையின் இறுதிப் பக்கங்களிலிருந்தே வந்தது.

எசமானி இறந்துவிட்டாள். விற்பனைக்கு நிற்கும் வீட்டின் ஒழுகும் அறையில் பார்வையும் மங்கிப்போய்க் கிடக்கிறாள் ஃபெலிசிதே. நற்கருணைப் பவனிக்காக அந்த வீட்டு முற்றத்தில் ஒரு பீடம் அமைக்கிறார்கள். எல்லாரும் ஏதேனும் கொடுக்கிறார்களே, தான் எதைக் கொடுப்பது? அவளிடம் இருந்த ஒரே செல்வம் அந்தக் கிளி. அதுவோ பூச்சி அரித்து, சிறகொடிந்து, வயிற்றிலிருந்து பஞ்சு பிதுங்கிக் கிடக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள், பீடத்தில் இதை வைப்பது தகாது என்கின்றனர். பங்குக்குரு அனுமதி கொடுக்கிறார். ஃப்ளோபேர் இதற்கு ஒரே வாக்கியம்தான் செலவிடுகிறார். குருவானவர் ஏன் அனுமதித்தார் என்று சொல்வதுமில்லை. எந்தக் காட்சியும் அவருக்கு அருளப்படவில்லை. பவனி வந்து நிற்கிறது. சரிகைத் துணிமேல் கதிர்ப்பாத்திரம் பொற்சூரியனாய் வைக்கப்படுகிறது. அதே பீடத்தில், ரோசாப்பூக்களுக்குள் மறைந்து, நீல நெற்றி மட்டும் தெரிய லூலூ இருக்கிறது. தூபத்தின் மணம் மாடியறைக்கு ஏறிவர, அதை முகர்ந்தபடியே ஃபெலிசிதே கண் மூடுகிறாள். திறக்கும் வானத்தில், தன் தலைக்கு மேல் மாபெரும் கிளி ஒன்று சிறகு விரிப்பதாக எண்ணிக்கொண்டு மூச்சை விடுகிறாள்.

ஆசிரியையின் கேள்விக்கு ஒரு விடை இங்கே கிடைத்ததாக எங்களுக்குப் பட்டது. இக்கதையை எழுதிக்கொண்டிருந்த 1876ஆம் ஆண்டில் ஒரு தோழிக்கு வரைந்த கடிதத்தில், இதில் கேலி ஏதுமில்லை, மிகவும் துயரமான கதை இது என்று ஃப்ளோபேரே விளக்கியிருக்கிறார். மேசைமேல் பாடம் செய்த கிளி ஒன்றை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு எழுதினாராம். ஆனால் உபதேசியார் ஐயாவை அசைத்தது அந்தக் கடிதமன்று. மறுமாதக் கூட்டத்தில் அவரே எழுந்து, "அந்தச் சாமியார் சரி என்று சொல்லிவிட்டார். நான் பங்குக்கு மேலே போய்ப் பேசுவது எப்படி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்கள் கலங்கியிருந்ததையும் பார்த்தோம். வேளாங்கண்ணியில் வெள்ளியால் செய்த கண்ணும் காலும் தொட்டிலும் காணிக்கையாகக் குவிகின்றன. கொடியில் காய்த்த முதற்பூசணியைப் பீடத்தடியில் வைத்துவிட்டுப் போகும் பாட்டிமார் எல்லாப் பங்குகளிலும் உண்டு. அவற்றைப் பார்த்துப் படித்தவர்கள் முகம் சுளிப்பதும் புதிதன்று.

அனுமதியும் மறுப்பும் தலைகீழாகிவிடும் கதை மாப்பசான் 1880இல் எழுதிய 'பூல் த சுய்ஃப்'. பிரெஞ்சு நாடு பிரஷ்யப் படைகளிடம் தோற்ற குளிர்காலம். ருவான் நகரிலிருந்து தப்பிச் செல்லும் வண்டியில் பிரபுவும் வணிகரும் அவர்தம் மனைவியரும் இரண்டு கன்னியரும் இருக்கின்றனர். கூடவே, உடலை விற்றுப் பிழைக்கும் ஒரு பெண். பருமனாக இருப்பதால் கொழுப்புருண்டை என்னும் பொருள்படும் அப்பெயரை ஊரார் இட்டிருந்தனர். பனியில் வண்டி தாமதப்படப் பசி எல்லாரையும் வாட்டுகிறது. அவள் ஒருத்தியே கூடை நிறைய உணவு கொண்டுவந்திருக்கிறாள். பணிவோடு அதைக் கன்னியருக்கு நீட்டுகிறாள். அவர்கள் உடனே ஏற்றுக்கொள்கின்றனர். பின்னர் மற்றவரும் உண்கின்றனர். சத்திரத்தில் பிரஷ்ய அதிகாரி, அவள் தனக்கு இணங்கினாலன்றி வண்டியை விடுவதில்லை என்கிறான். தன் நாட்டின் பகைவனுக்கு இணங்க அவள் மறுக்கிறாள். அந்த நாள்களில் ஒருநாள் ஊர்க்கோவிலில் நடக்கும் குழந்தைத் திருமுழுக்கைக் காணப் போகிறாள். பிறரிடம் வளரும் தன் பிள்ளையின் நினைவு வர, மனம் இளகுகிறது. அவள் கோவிலில் இருக்கும் அதே நேரத்தில் மற்றவர்கள் அவளை வீழ்த்தச் சதி செய்கின்றனர். நோக்கம் நன்றாயின் குற்றமான செயலும் புண்ணியமாகலாம் என்று மூத்த கன்னியர் கூறும் சொற்களே அவளுடைய உறுதியைக் குலைப்பதற்குப் பயன்படுகின்றன.

மறுபடி வண்டி கிளம்பும்போது அனைவரிடமும் உணவுப் பொட்டலம் இருக்கிறது. அவசரத்தில் ஒன்றும் எடுத்துவராத அவளுக்கு எவரும் ஒரு துண்டு கொடுக்கவில்லை. கன்னியர் செபத்தை முடித்துக்கொண்டு பூண்டு மணக்கும் இறைச்சித் துண்டைப் பிரிக்கின்றனர். அவள் இருளில் அழுதுகொண்டே போகிறாள். மாப்பசான் நம் அருள்சகோதரிகளுக்கு அநீதி செய்கிறார் என்று சிலர் வாதிட்டனர். அம்மை நோயுற்ற படைவீரர்களுக்குப் பணிசெய்யவே போய்க்கொண்டிருந்தவர் அம்மைத் தழும்பு ஏறிய முகமுடைய அந்த மூத்த கன்னியர் என்பதையும் அவர்தான் எழுதியிருக்கிறார் என்று நாங்கள் நினைவூட்டினோம். கொடியவரைக் காட்டியிருந்தால் கதை இவ்வளவு சுடாது.

இனி ஒரு வியப்பான செய்தி. பழைய கூத்தாடியின் கதையை அனத்தோல் பிரான்ஸ் மீண்டும் எழுதி 1892இல் தம் தொகுப்பு ஒன்றில் சேர்த்தார். 'அன்னையின் வித்தைக்காரன்' என்று அது உலகெங்கும் புகழ் பெற்றது. மசனே இசையமைத்து 1902இல் இசை நாடகமாகவும் அரங்கேறியது. நூலின் ஆசிரியரோ திருச்சபையைப் பரிகசிப்பதில் வல்லவர். அவருடைய படைப்புகள் அனைத்தையும் உரோமை 1922இல் தடைநூற்பட்டியலில் சேர்த்தது. பால்சாக்கின் காதற்கதைகளும் ஃப்ளோபேரின் இரு புதினங்களும் முன்னரே அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன. 1966இல் அப்பட்டியல் வலுவிழக்கும்வரை, அன்னைக்குப் பந்தாடிய எளியவனின் கதையும் அந்தத் தடைக்குள்தான் கிடந்தது. தடுத்தவர்களைக் குறை கூற இதனைச் சொல்லவில்லை. அதே தொகுப்பிலுள்ள 'யூதேயாவின் ஆளுநர்' கதையில், முதுமையடைந்த பிலாத்து நாசரேத்து இயேசுவைப் பற்றிக் கேட்கப்பட்டு, அப்படி ஒருவரைத் தமக்கு நினைவில்லை என்கிறான். அதைப் படித்து நடுங்காத கிறிஸ்தவர் எவர்?

பிரான்சின் கதையில் கூத்தாடிக்குப் பர்னபே என்று பெயர். ஆறு செப்புப் பந்துகளையும் பன்னிரண்டு கத்திகளையும் கால்களால் ஆட்டுகிறவன். மடத்திலே ஒருவர் இறையியல் நூல் எழுத, ஒருவர் படியெடுக்க, ஒருவர் ஓவியம் தீட்ட, ஒருவர் சிலை செதுக்க, இவன் ஒன்றுமில்லாதவனாக நிற்கிறான். இந்தப் பகுதி மூலத்தைவிட அழகு. ஆனால் ஒரு மாற்றம் எங்களை உறுத்திற்று. பிரான்சின் மடத்தலைவரும் இரு மூத்த துறவியரும் வித்தைக்காரனைக் கண்டவுடன், அவன் பித்தேறிவிட்டான் என்று வெளியே இழுத்துச் செல்ல முனைகின்றனர். அன்னை பீடத்தின் படிகளில் இறங்கி வந்து தம் நீல மேலாடையால் அவன் வியர்வையைத் துடைத்த பிறகே கைகளை விலக்கிக்கொள்கின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாடலில் அப்படியில்லை. காட்சிக்கு முன்பே, கரணங்கள் எல்லாவற்றையும் அந்த மடத்தலைவர் பொறுமையாக நின்று பார்த்திருந்தார். ஆசிரியை பழைய கதையை மறுபடி எடுத்துப் படித்துவிட்டுத் தம் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இருபதாம் நூற்றாண்டில் மோரியாக், பெர்நானோஸ் போன்ற கத்தோலிக்க எழுத்தாளர்கள் தங்கள் முழுவலிமையையும் புதினங்களுக்கே கொடுத்தார்கள் என்பது எங்கள் எண்ணம். ஆகவே எங்கள் கடைசிக் கதையும் விசுவாசி அல்லாத ஒருவரிடமிருந்தே வந்தது. ஆல்பெர் காம்யு 1957இல் வெளியிட்ட தொகுப்பின் இறுதிக் கதை 'வளரும் கல்'. நிகழிடம் பிரேசில் நாட்டின் இகுவாபே. 1949இல் காம்யு நேரில் சென்ற ஊர். வெள்ளத் தடுப்பு வேலைக்காக வந்த தாராஸ்ட் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், கப்பல் சமையற்காரன் ஒருவனைச் சந்திக்கிறார். கடலில் மூழ்கிச் சாகவிருந்த தன்னைக் காப்பாற்றினால், திருநாள் பவனியில் ஐம்பது கிலோ எடையுள்ள கல்லைத் தலையில் சுமந்து கோவில்வரை கொண்டுவருவதாக நல்ல இயேசுவிடம் பொருத்தனை செய்தவன் அவன். முன்னிரவில் ஆடப் போய்விடாதபடி தன்னைக் காக்குமாறு தாராஸ்டிடம் வேண்டிக்கொள்கிறான். ஆனாலும் நடனத்தின் இழுப்புக்கு ஆட்பட்டு விடியும்வரை ஆடிவிடுகிறான். மறுநாள் கல்லோடு தள்ளாடி, பலமுறை விழுந்து, கோவிலை எட்டாமலே சரிந்துபோகிறான்.

தாராஸ்டுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கல்லைத் தூக்கித் தம் தலைமேல் வைத்துக்கொள்கிறார். கோவிலை நோக்கி நடக்கிறார். திடீரென்று இடப்புறம் திரும்பிவிடுகிறார். கோவிலுக்கு, கோவிலுக்கு என்று பின்னாலிருந்து கத்துகிறார்கள். அவர் ஆற்றோரச் சேரிக்குப் போய்ச் சமையற்காரனின் குடிசைக்குள் நுழைந்து, அறை நடுவில் எரியும் அடுப்பின்மேல் கல்லைப் போடுகிறார்.

இதைப் பற்றி நாங்கள் இன்றும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. பொருத்தனை ஆண்டவருக்குரியது, அதை இடைவழியில் திருப்ப இவர் யார் என்று சிலர் கேட்கின்றனர். கல்லை அவர் ஏழையின் அடுப்பில் வைத்தார், மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை மறந்துவிட்டீர்களா என்று சிலர் மறுக்கின்றனர். அப்படி வலிந்து ஞானஸ்நானம் கொடுத்தால் காம்யு ஒப்புக்கொள்ளமாட்டார் என்பது எங்களுள் ஓர் இளைஞரின் கருத்து, அதுவும் சரியே. ஏற்பதா தள்ளுவதா என்று தீர்ப்பளிக்க இந்தக் கதையில் மடத்தலைவர் இல்லை. பங்குக்குருவும் வாய் திறப்பதில்லை. வீட்டார் ஒவ்வொருவராக வந்து, அடுப்பில் கிடக்கும் கல்லைச் சுற்றிக் குந்தி உட்காருகின்றனர். வெகுநேரம் எவரும் பேசவில்லை. ஆற்றின் ஓசை மட்டும் கேட்கிறது. தாராஸ்ட் இருட்டில் நின்றுகொண்டிருக்கிறார். பிறகு சமையற்காரனின் தம்பி சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் உண்டாக்கி, அவரையும் உட்காரச் சொல்கிறான்.